சுமப்பது ஸ்பிரிங், அடக்குவது ஸ்ட்ரட்
கடை வண்டி வைத்திருப்போருக்கு ஒரு பாடம்



நம் இதழில் கொள்முதல், இருப்பு, வரி, கடன் வசூல் என்று பல பாடங்களைப் படித்து வருகிறோம். இம்முறை கடைக்கு வெளியே நிற்கும் வண்டியைப் பற்றி ஒரு பாடம். மண்டியிலிருந்து சரக்கு எடுத்து வரவும், சில்லறைக் கடைகளுக்குப் போட்டு வரவும் நம்மில் பெரும்பாலோர் சிறு வேன் ஒன்றை வைத்திருக்கிறோம். வாங்கிய விலை நமக்கு மனப்பாடம். ஆனால் அந்த வண்டியில் சுமையைத் தாங்குவது எது, குலுக்கலை அடக்குவது எது என்று கேட்டால் பலருக்குப் பதில் தெரியாது. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. தெரிந்துகொண்ட விதம் மற்றவருக்கு வர வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முன் ஸ்ட்ரட் தேய்ந்துவிட்டால் பழைய ஸ்பிரிங்கை அப்படியே வைத்துக்கொண்டு ஸ்ட்ரட்டை மட்டும் நல்லதாக மாற்றலாமா? மாற்றினால் கூடுதல் சுமை ஏற்றலாமா? முதல் கேள்விக்குப் பதில் "மாற்றலாம்" என்பது. இரண்டாவதற்குப் பதில் "கூடவே கூடாது" என்பது. இந்த இரண்டு பதில்களுக்கும் உள்ள காரணமே இன்றைய பாடம்.

1. என் கடை வண்டியில் நடந்தது

எங்களுடையது சரக்கு வண்டியாகப் பதிவான மாருதி ஆம்னி. கைமாற்றாக வாங்கியது. 2023-ஆம் ஆண்டு தீபாவளிக்குச் சில வாரங்களுக்கு முன் முன்பக்கத்தில் "டொக் டொக்" என்று சத்தம் வரத் தொடங்கியது. பிரேக் போட்டால் வண்டி மூக்கைக் குத்தும். வேகத்தடை ஏறி இறங்கினால் மூன்று நான்கு முறை ஆடிவிட்டுத்தான் நிற்கும்.

உதிரிபாகக் கடையில் கேட்டேன். "அண்ணாச்சி, சாதா ஸ்ட்ரட் எதுக்கு? இந்த ஹெவி டியூட்டியைப் போடுங்க. பழைய ஸ்பிரிங்கே போதும். இன்னும் நாலு மூட்டை சேர்த்தே ஏத்தலாம்" என்றார்கள். பண்டிகைக் காலத்தில் "இன்னும் நாலு மூட்டை" என்ற சொல் எந்த வியாபாரிக்குத்தான் இனிக்காது? உடனே வாங்கி மாட்டினேன்.

தீபாவளிக்கு முந்திய வாரம் விருதுநகரில் சரக்கு எடுத்தோம். 26 கிலோ அரிசி மூட்டை 22, எண்ணெய் டின் 6, சர்க்கரை ஒரு மூட்டை. டின்னுக்கு 15 கிலோ வைத்தால் மொத்தம் 712 கிலோ. உள்ளே இடம் இருந்தது, ஏற்றினோம். ஆர்.சி. புத்தகத்தை யாரும் எடுத்துப் பார்க்கவில்லை.

வழியில் ஓர் ஊரில் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் சாலையில் வரிசையாக ஐந்தாறு சிறு மேடுகள் போட்டு வெள்ளை அடித்திருந்தார்கள். முதல் மேட்டில் ஏறும்போதே ஸ்டீயரிங் கையில் லேசாகிவிட்டது. மூன்றாவது மேட்டில் முன்சக்கரம் தரையில் பட்டும் படாமலும் தத்தியது. அந்த நேரம் ஒரு சிறுவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு குறுக்கே வந்தான். பிரேக்கை முழுதாக மிதித்தேன். வண்டி நேராக நிற்காமல் பின்பக்கம் ஒதுங்கி இழுத்துக்கொண்டு போய், அந்தச் சைக்கிளுக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. இரண்டு எண்ணெய் டின் நசுங்கி ஒழுகியது. பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை. எண்ணெய் போனது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அந்த ஒரு சாண் மட்டும் இன்றும் கண்ணில் நிற்கிறது.

2. பழைய தராசு சொன்ன பாடம்

மறுநாள் எங்கள் ஊர்ப் பட்டறை அண்ணனிடம் வண்டியை விட்டேன். அவர் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார்.

"ஸ்ட்ரட் புதுசுதானே அண்ணே? பிறகு ஏன் இப்படி?" என்றேன்.

"அண்ணாச்சி, உங்க அப்பா காலத்து முள் தராசு கிட்டங்கியில கிடக்குதா?" என்று கேட்டார்.

கிடந்தது. அதைத் தூசி தட்டி எடுத்து வரச் சொன்னார். வட்ட முகப்பும் பெரிய முள்ளும் உள்ள அந்தக் காலத்துத் தராசுகளை மூத்த வணிகர்கள் அறிவார்கள். தட்டில் சாமானை வைத்தால் முள் ஓடிப்போய், ஓரிரு முறை அசைந்து, சரியான எடையில் நிற்கும். அந்த முள் சீக்கிரம் அடங்கி நிற்பதற்காக உள்ளே எண்ணெய் நிரப்பிய சிறு உருளை ஒன்றும், அதற்குள் மேலும் கீழும் போகும் ஒரு பிஸ்டனும் இருக்கும். எண்ணெய் வற்றிப்போனால் முள் வெகுநேரம் ஆடிக்கொண்டே இருக்கும். வாடிக்கையாளர் "எவ்வளவுப்பா காட்டுது?" என்று எட்டிப் பார்ப்பார்.

"இந்த எண்ணெய்க் குப்பியா அண்ணாச்சி எடையைத் தாங்குது?" என்று கேட்டார் பட்டறை அண்ணன்.

"இல்லை. அது முள்ளை நிறுத்துது. அவ்வளவுதான்."

"குப்பியில கெட்டி எண்ணெய் ஊத்துனா தராசு பத்துக் கிலோ கூடுதலா நிறுக்குமா?"

"நிறுக்காது. முள்ளு மந்தமா நகரும்."

"உங்க வண்டியில நீங்க பண்ணினது அதுதான்."

இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. வண்டியின் ஸ்பிரிங் எடையைத் தாங்கும் பாகம். ஸ்ட்ரட்டின் உள்ளே இருக்கும் ஷாக் அப்சார்பர் அந்த எண்ணெய்க் குப்பி. குப்பியைப் பெரிதாக்கினால் தராசின் கொள்ளளவு கூடாது.

3. ஸ்ட்ரட் என்பது என்ன?

ஸ்பிரிங்கின் குணத்தை 1678-இல் இங்கிலாந்து விஞ்ஞானி ராபர்ட் ஹூக் நூலாக வெளியிட்டார். எவ்வளவு சுமையோ அவ்வளவு அமுங்கல், சுமை இரட்டித்தால் அமுங்கலும் இரட்டிக்கும் என்பதே அவர் கண்ட விதி. அமுங்கிய ஸ்பிரிங் தான் வாங்கிய சக்தியைத் திருப்பிக் கொடுத்துவிடும். அதனால்தான் ஸ்பிரிங் மட்டும் இருக்கும் வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கினால் நிற்காமல் துள்ளிக்கொண்டே போகும்.

அந்தத் துள்ளலை விழுங்குவது ஷாக் அப்சார்பர். உருளைக்குள் எண்ணெய். அதில் துளைகளும் வால்வுகளும் உள்ள பிஸ்டன். சக்கரம் ஏறி இறங்கும்போது எண்ணெய் அந்தச் சிறு துளைகள் வழியே நெருக்கிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. அதில் துள்ளலின் சக்தி சூடாக மாறிக் காற்றில் கலந்துவிடுகிறது. வண்டி நின்றுகொண்டிருக்கும்போது எண்ணெய் நகர்வதில்லை. அப்போது இதற்கு வேலையும் இல்லை. மொத்தச் சுமையும் ஸ்பிரிங்கின் தலையில்தான்.

ஷாக் அப்சார்பரையே சக்கரத்தை நிமிர்த்திப் பிடிக்கும் தூணாகவும் ஆக்கி, அதைச் சுற்றிச் சுருள் ஸ்பிரிங்கை அமர்த்திய அமைப்புக்கு மெக்பர்சன் ஸ்ட்ரட் என்று பெயர். அமெரிக்கப் பொறியாளர் ஏர்ல் மெக்பர்சன் பெயரால் வந்தது. 1950-இல் இங்கிலாந்தில் வெளியான ஃபோர்டு கான்சல் காரில் இது இடம்பெற்றுப் புகழ் பெற்றது. இடமும் செலவும் குறைவு என்பதால் சிறு கார்களுக்கு மிகவும் ஏற்றது. நம் நாட்டில் 1983-இல் வந்த மாருதி 800, 1984-இல் வந்து 2019 வரை தயாரான ஆம்னி, 2010-இல் வந்த ஈகோ, 2016-இல் வந்த சூப்பர் கேரி ஆகியவற்றின் முன்பக்கம் இந்த ஸ்ட்ரட்தான்.

ஆம்னியிலும் சூப்பர் கேரியிலும் பின்பக்கம் பட்டை ஸ்பிரிங், அதற்குத் தனியாக ஷாக் அப்சார்பர். ஆகவே பின்னால் நாம் அடுக்கும் மூட்டைகளின் பாரம் பெரும்பாலும் பட்டைகளின் மேல்தான் இறங்குகிறது. முன் ஸ்ட்ரட்டுக்கும் பின்னால் ஏற்றும் நாலு மூட்டைக்கும் நேரடிச் சம்பந்தமே இல்லை! இது தெரிந்திருந்தால் நான் அன்று ஏமாந்திருக்க மாட்டேன்.

4. பழைய ஸ்பிரிங், புதிய ஸ்ட்ரட்: எப்போது சரி?

ஸ்பிரிங் இரும்பு. ஒழுங்கான சுமையில் ஓடினால் ஆண்டுக்கணக்கில் தன் பலத்தை இழக்காது. ஸ்ட்ரட் அப்படியல்ல. சாதாரணச் சாலையில் கிலோமீட்டருக்கு ஆயிரம் தடவைக்கு மேல் அது அசைகிறது. 80,000 கிலோமீட்டர் ஓடிய வண்டியில் எட்டுக் கோடி அசைவு ஆகிவிடும். அதற்குள் எண்ணெய்ச் சீல் தேயும், வால்வு தளரும். எனவே ஸ்ட்ரட் முதலில் போவதும், ஸ்பிரிங் நன்றாக இருப்பதும் இயல்பு. நல்ல ஸ்பிரிங்கைத் தூக்கி எறிய வேண்டிய அவசியம் இல்லை.

அப்படி மாற்றும்போது கம்பெனி அளவிலேயே ஒரு படி உயர்ந்த சாதனம் போடலாம். எண்ணெய் மட்டும் உள்ள ஸ்ட்ரட்டுக்குப் பதிலாக நைட்ரஜன் வாயு சேர்த்த ஸ்ட்ரட் அப்படிப்பட்டது. மோரை வேகமாகக் கடைந்தால் நுரை வருவதை வீட்டில் பார்க்கிறோம். மேடு பள்ளச் சாலையில் வேகமாக அசையும் எண்ணெயிலும் அப்படியே நுரை வரும். நுரைத்த எண்ணெய்க்குப் பிஸ்டனைத் தடுக்கும் பலம் இல்லை. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் வாயு நுரையை அடக்குகிறது. நீண்ட தூரம் ஓடினாலும் பிடிமானம் குறையாது. ஆனால் இதிலும் ஒன்றை மறக்கக் கூடாது. வாயு ஸ்ட்ரட் போட்டதால் வண்டி மிகச் சிறிதளவு உயர்ந்து நிற்கலாம். அது சுமைத் திறன் கூடியதற்கு அடையாளம் அல்ல.

5. மிகவும் கடினமானது ஏன் ஆகாது?

"நல்லது என்றால் இன்னும் கெட்டியானது இன்னும் நல்லதுதானே?" என்று தோன்றும். இல்லை.

மேட்டில் ஏறிய சக்கரத்தை மீண்டும் தரைக்குத் தள்ளுவது ஸ்பிரிங். அந்தத் தள்ளலை ஓரளவு தாமதப்படுத்துவது ஸ்ட்ரட். ஒரு ஸ்பிரிங்குக்கு எவ்வளவு தாமதம் பொருந்தும் என்று தயாரிப்பாளர் கணக்கிட்டு இரண்டையும் ஜோடி சேர்க்கிறார். ஸ்பிரிங் பழைய மென்மையிலேயே இருக்க, ஸ்ட்ரட்டை மட்டும் அளவு மீறிக் கடினமாக்கினால், ஸ்பிரிங் சக்கரத்தைத் தரைக்குக் கொண்டுவருவதற்குள் அடுத்த மேடு வந்துவிடுகிறது. சக்கரம் மேலேயே சிக்கி, மேட்டுக்கு மேடு இன்னும் உயர்ந்து, கடைசியில் ரப்பர் தடுப்பில் முட்டுகிறது. தனி வேகத்தடையில் இது தெரியாது. வரிசையாக மேடுகள் வரும் இடத்தில்தான் தெரியும். பள்ளிக்கூடத்து முன் எனக்கு நேர்ந்தது இதுவே.

டயர் தரையை அழுத்திப் பிடிக்கும்போதுதான் பிரேக்கும் ஸ்டீயரிங்கும் வேலை செய்யும். தரையைத் தொடாத டயருக்கு எவ்வளவு விலை உயர்ந்த பிரேக் இருந்தும் பயன் இல்லை.

6. ஸ்பிரிங் நன்றாக இருக்கிறதா? நீங்களே பார்க்கலாம்

ஸ்பிரிங்கை வைத்துக்கொள்வது என்று முடிவெடுக்கும் முன் இவற்றைப் பாருங்கள்:

(அ) சமதளத் தரையில் காலி வண்டியை நிறுத்துங்கள். நான்கு டயரிலும் காற்று சரியாக இருக்கட்டும். சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மேலே மட்கார்டின் விளிம்பு வரை டேப் வைத்து அளந்து எழுதுங்கள். முன் இடமும் வலமும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசப்பட்டால் ஒரு ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம்.

(ஆ) இரண்டு பக்கமும் ஒரே அளவாகத் தாழ்ந்திருக்கவும் கூடும். அப்போது பட்டறைக் கையேட்டில் உள்ள அளவோடு ஒப்பிடச் சொல்லுங்கள்.

(இ) சுருளின் கீழ் முனை முதலில் முறியும் இடம். சேறும் தண்ணீரும் தேங்குவது அங்கேதான். டார்ச் அடித்துப் பாருங்கள். மேல் துரு பரவாயில்லை. குழி விழுந்த துரு ஆபத்து.

(ஈ) சுருளும் சுருளும் ஒன்றோடு ஒன்று மோதிப் பளபளத்த தழும்பு இருந்தால், அந்த ஸ்பிரிங் பலமுறை முழுதாக அமுங்கியிருக்கிறது என்று பொருள்.

(உ) ஆம்னி போன்ற வண்டியில் பின் பட்டைகளையும் ஒவ்வொன்றாக எண்ணிப் பாருங்கள். நடுவில் ஒரு பட்டை முறிந்தும் வண்டி ஓடிக்கொண்டிருக்கும். எங்கள் வண்டியில் அப்படித்தான் இருந்தது.

தளர்ந்த ஸ்பிரிங்கை எந்த ஸ்ட்ரட்டும் நிமிர்த்தாது. ஸ்பிரிங் மாற்றினால் இடம் வலம் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஸ்பிரிங்கைக் காய்ச்சி நீட்டுவது, சுருளை வெட்டுவது, இடையில் ரப்பர்க் கட்டை செருகுவது ஆகியவை வேண்டவே வேண்டாம். காய்ச்சிய எஃகு தன் பலத்தை இழந்துவிடும்.

7. ஸ்ட்ரட் போய்விட்டது என்று எப்படித் தெரியும்?

ஸ்ட்ரட்டின் உடலில் எண்ணெய் வழிந்து தூசி ஒட்டிக் களிம்பு போல் இருக்கும். லேசான ஈரப்படலம் மட்டும் என்றால் உடனே பயப்பட வேண்டாம். பிரேக் போட்டால் மூக்குக் குத்தும். டயர் ஒரே சீராகத் தேயாமல் ஆங்காங்கே கிண்ணம் போல் குழி விழும். டயர் மேல் உள்ளங்கையை வைத்து ஒரு சுற்றுத் தடவினால் தெரிந்துவிடும். வண்டியின் மூலையை அழுத்திவிட்டால் ஒன்றிரண்டு ஆட்டத்தில் நிற்க வேண்டும். ஆனால் அழுத்திப் பார்ப்பதை மட்டும் நம்பாதீர்கள். பாதி தேய்ந்த ஸ்ட்ரட்டும் அதில் தேறிவிடும். பழகிய சாலையில் ஓட்டிப் பார்ப்பதே நம்பகமானது.

நமக்கென்று இன்னோர் அடையாளமும் உண்டு. முட்டைத் தட்டில் உடைசல் கூடுவது, பிஸ்கட் பெட்டியில் நொறுங்கல் கூடுவது. அனுப்பியவர் மேல் கோபப்படும் முன் வண்டியின் அடியில் ஒரு முறை பாருங்கள்.

8. பட்டறையில் நின்று கவனிக்க வேண்டியவை

முதலாவது, ஸ்ட்ரட்டை இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள். ஒரு பக்கம் புதிது, மறுபக்கம் பழையது என்றால் பிரேக் போடும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

இரண்டாவது, புதிய ஸ்ட்ரட்டைப் பழையதோடு பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். நீளம், ஸ்பிரிங் அமரும் தட்டின் உயரம், போல்ட் துளைகள், பிரேக் ஹோஸைப் பிடிக்கும் கிளிப் எல்லாம் ஒத்திருக்க வேண்டும்.

மூன்றாவது, மேல் மவுண்டிங் ரப்பர், அதன் பேரிங், தடுப்பு ரப்பர், தூசி உறை ஆகியவற்றையும் பாருங்கள். இவை தேய்ந்திருந்தால் அதே நேரத்தில் மாற்றிவிடுங்கள். பிரித்த கூலி ஒன்றே. பின்னால் தனியாக மாற்றினால் அதே கூலியை மறுபடி கொடுக்க வேண்டும். "டொக் டொக்" சத்தம் பல வண்டிகளில் இந்த மவுண்டிங்கிலிருந்துதான் வருகிறது.

நான்காவது, மிக முக்கியமானது. ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் கருவியைப் பூட்டாமல் ஸ்ட்ரட்டின் உச்சி நட்டைக் கழற்ற ஒருபோதும் அனுமதிக்காதீர்கள். வண்டியின் ஒரு மூலையையே தாங்கும் விசை அந்தச் சுருளுக்குள் அடைந்திருக்கிறது. நட்டு விடுபட்டால் அது குண்டு போல் பாயும். உயிரே போகக்கூடும். கயிறும் கம்பியும் கட்டிக் கழற்றும் பட்டறையாக இருந்தால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

ஐந்தாவது, பளபளக்கும் பிஸ்டன் தண்டைக் குறடால் பிடிக்கக் கூடாது. ஒரு கீறல் விழுந்தாலும் சீல் கிழிந்து புது ஸ்ட்ரட் சில மாதங்களிலேயே ஒழுகும். ஸ்பிரிங்கின் முனை அதற்குரிய பள்ளத்தில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஆறாவது, ஸ்ட்ரட் சக்கரத்தின் நிலையைப் பிடித்திருப்பதால், மாற்றி முடித்ததும் வீல் அலைன்மென்ட் கட்டாயம். அந்தச் சிறு செலவைத் தவிர்த்தவர் இரண்டு டயருக்குப் பணம் கொடுப்பார்.

ஏழாவது, பில் கேட்டு வாங்குங்கள். உத்தரவாதத்துக்கும் அதுவே சான்று, கணக்குக்கும் அதுவே சான்று. சரக்கு வண்டியாகப் பதிவாகியிருந்தால் பில்லில் உங்கள் ஜி.எஸ்.டி. எண்ணைப் போடச் சொல்லி, வரிவரவு எடுப்பது பற்றி உங்கள் ஆடிட்டரைக் கேளுங்கள்.

9. எவ்வளவு ஏற்றலாம்? ஆர்.சி. புத்தகமே பதில்

ஆர்.சி.யில் வண்டியின் காலி எடையும், சுமையோடு கூடிய மொத்த எடையும் குறிக்கப்பட்டிருக்கும். கணக்குக்காகக் காலி எடை 800 கிலோ, மொத்த எடை 1,400 கிலோ என்று வைத்துக்கொள்வோம். உங்கள் வண்டியின் எண்களை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.

மொத்த எடையில் காலி எடை போக: 600 கிலோ
ஓட்டுநர் 70, உதவியாள் 60 போக: 470 கிலோ
எண்ணெய் டின் 4, தலா 15 கிலோ போக: 410 கிலோ
26 கிலோ மூட்டையாக: 15 மூட்டை

பதினைந்தரை அல்ல, பதினைந்துதான். நான் அன்று ஏற்றிய 712 கிலோவை இந்தக் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். என் தவறு எவ்வளவு பெரியது என்று விளங்கும்.

எவ்வளவு ஏற்றுகிறோம் என்பதோடு எங்கே வைக்கிறோம் என்பதும் முக்கியம். ஆம்னியில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 184 சென்டிமீட்டர். பின் அச்சுக்கு 46 சென்டிமீட்டர் பின்னால், கதவோரமாக 100 கிலோவை வைத்தால், பின் அச்சில் 125 கிலோ ஏறும். முன் அச்சில் 25 கிலோ குறையும். தராசுக் கோல் பிடித்தவர்களுக்கு இந்த நெம்புகோல் கணக்கு புதிதல்ல. முன்பக்கம் லேசானால் ஸ்டீயரிங் லேசாகும். ஆகவே கனமான மூட்டைகளை ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் ஒட்டி, தரையோடு அடுக்குங்கள். லேசான பெட்டிகள் பின்னால் போகட்டும். பிரேக் போட்டால் சரக்கு முன்னால் பாயாதபடி கட்டுங்கள்.

10. இரண்டாம் நடையின் உண்மை விலை

"ஒரே நடையில் முடிந்தால் லாபம்தானே?" என்பது நம் எல்லோருடைய எண்ணம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். மண்டி போக வர 48 கிலோமீட்டர். லிட்டருக்கு 12 கிலோமீட்டர். நான்கு லிட்டர் பெட்ரோல். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் 400 ரூபாய். அன்றைய 712 கிலோவின் மேல் அதைப் பரப்பினால் கிலோவுக்கு ஏறத்தாழ 56 காசு. ஓட்டுநர் கூலி, நேரம் சேர்த்தாலும் தாங்க முடியாத தொகை அல்ல.

மறுபக்கத்தைப் பாருங்கள். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆம் பிரிவின்படி அதிகச் சுமைக்கு அபராதம் 20,000 ரூபாய். அதற்கு மேல் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். அந்த 20,000 ரூபாயில் நாம் சொன்ன இரண்டாம் நடையை 50 முறை போய் வரலாம். இதோடு முறிந்த பட்டை, தேய்ந்த டயர், நசுங்கிய டின். பணத்தால் ஈடுகட்ட முடியாத ஒன்றும் இருக்கிறது. அதை மேலே சொல்லிவிட்டேன்.

மயிலிறகு வண்டியை உவமையாக்கி வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில் எச்சரித்ததை நாம் பள்ளியில் படித்தோம். படித்ததைக் கடைவாசலில் மறந்துவிடுகிறோம்.

11. பிறகு என்ன செய்தேன்?

பட்டறை அண்ணன் முன் ஸ்பிரிங் இரண்டையும் அளந்தார். சரியாக இருந்தன. அவற்றையே வைத்துக்கொண்டோம். அந்த மிகக் கடினமான ஸ்ட்ரட்டைக் கழற்றிவிட்டு, கம்பெனி அளவுக்கு ஒத்த வாயு ஸ்ட்ரட் ஜோடியாகப் போட்டோம். மேல் மவுண்டிங்கும் தடுப்பு ரப்பரும் புதிது. பின்னால் முறிந்திருந்த பட்டையை அதே கனத்தில் மாற்றினோம். "இன்னொரு பட்டை கூடுதலாச் சேர்க்கலாமா அண்ணே?" என்று பழைய ஆசையில் கேட்டேன். "பட்டையைச் சேர்க்கலாம் அண்ணாச்சி, பிரேக்கை யார் சேர்ப்பா? அச்சை யார் சேர்ப்பா?" என்றார். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

இப்போது பண்டிகை நாட்களில் இரண்டு நடை போகிறோம். வண்டியின் உள்பக்கம் ஓட்டுநர் கண்ணில் படும்படி, எத்தனை மூட்டை ஏற்றலாம் என்று பெயிண்டால் எழுதி வைத்திருக்கிறேன். நான் கடையில் இல்லாத நாளிலும் அந்த எண் அங்கே இருக்கும்.

பாடம் நினைவில் நிற்க

இதைக் கடை ஓட்டுநரையும் பையன்களையும் உட்கார வைத்துக் கேளுங்கள்:

1. நிற்கும் வண்டியின் சுமையைத் தாங்குவது எது? - ஸ்பிரிங்.

2. ஸ்ட்ரட்டின் வேலை என்ன? - சக்கரத்தை நிமிர்த்திப் பிடிப்பதும், துள்ளலை அடக்கி டயரைத் தரையில் நிறுத்துவதும்.

3. பழைய ஸ்பிரிங்கை வைத்துக்கொண்டு நல்ல ஸ்ட்ரட் போடலாமா? - ஸ்பிரிங் அளவு சரியாக இருந்தால், கம்பெனி அளவுக்கு ஒத்ததாக, ஜோடியாகப் போடலாம்.

4. போட்டபின் எத்தனை மூட்டை கூடுதலாக ஏற்றலாம்? - ஒன்றுகூட இல்லை.

5. சுமை அளவை யார் சொல்ல வேண்டும்? - உதிரிபாகக் கடைக்காரர் அல்ல, ஆர்.சி. புத்தகம்.

நான்காம் கேள்விக்கு உங்கள் ஓட்டுநர் யோசிக்காமல் பதில் சொல்லும் நாளில் இந்தப் பாடம் பலித்தது என்று கொள்ளலாம். தராசில் ஒரு கிராம் கூடக் குறையாமல் நிறுத்துக் கொடுப்பது நம் தொழில் தர்மம். அதே நேர்மையோடு நம் வண்டியையும் நிறுப்போம். சாலையில் நடக்கும் பிள்ளைகள் நம் வாடிக்கையாளர்களின் பிள்ளைகள்.